அணுவுக்குள் இருக்கும் துகளின் காந்தத் திருப்புத்திறனைக் கையால் கணக்கிடுவது எப்படி

ஒரு துகள் எவ்வளவு வலுவான சிறு காந்தம் என்பதுதான் அதன் காந்தத் திருப்புத்திறன்; அதைத் தற்சுழற்சியோடு இணைக்கும் எண் ஜி-காரணி. எலக்ட்ரானின் ஜி-காரணி என்ன என்று எந்த அட்டவணையைப் பார்த்தாலும் 2.002319304 என்றுதான் இருக்கும். அது தனியாக இருக்கும் எலக்ட்ரானுக்கு உரிய எண். அதே எலக்ட்ரான் ஹைட்ரஜன் அணுவுக்குள் இருந்தால் அந்த எண் பத்து லட்சத்தில் ஏறக்குறைய 17.7 பங்கு குறைகிறது. உள்ளே இருக்கும் புரோட்டானின் காந்தத் திருப்புத்திறனும் கிட்டத்தட்ட அதே அளவு குறைந்ததாகத் தெரிகிறது. சின்ன வித்தியாசம்தானே என்று விட்டுவிட முடியாது. 1 டெஸ்லா புலத்தில் எலக்ட்ரானின் தற்சுழற்சி அச்சு சுழலும் அதிர்வெண் 28 கிகா ஹெர்ட்ஸ், அதில் பத்து லட்சத்தில் 17.7 பங்கு என்றால் 496 கிலோ ஹெர்ட்ஸ். புரோட்டானின் 42.577 மெகா ஹெர்ட்ஸில் அது 755 ஹெர்ட்ஸ். அதிர்வெண் அளப்பவர்களுக்கு இவை இரண்டுமே பெரிய எண்கள்.

முதுகலை மாணவர்களுக்கு இந்தப் பாடத்தை நடத்தும்போது நான் கணினியைத் திறப்பதில்லை. கரும்பலகையில் ஒவ்வொரு உறுப்பாக எழுதி, அது எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டே போவேன். சூத்திரத்தில் எண்ணைப் போட்டு விடை எடுப்பது யாருக்கும் வரும். காரணம் தெரியாமல் எடுத்தவருக்கு, ஹைட்ரஜனை விட்டு ஹீலியம் அயனிக்கோ மியூவோனியத்துக்கோ (புரோட்டானுக்குப் பதில் மியூவான் என்ற, எலக்ட்ரானைப் போன்ற ஆனால் அதைவிடக் கனமான துகள் இருக்கும் அணு) போகும்போது கை நடுங்கும். எந்த உறுப்பு அணு எண்ணோடு வளரும், எது நிறையோடு மாறும் என்பது காரணத்தில்தான் இருக்கிறது. அதனால் இங்கேயும் அதே வழியில் போகலாம்.

இனி வெறுமனே 'பங்கு' என்று சொன்னால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். அணுவின் அடிநிலையை, அதாவது 1எஸ் நிலையை மட்டுமே பார்க்கப் போகிறோம்.

எதை வைத்துத் தொடங்குவது

தேவையான எண்கள் கொஞ்சம்தான். நுண்ணமைப்பு மாறிலி ஆல்ஃபா, 1/137.036. அதன் இருமடி 5.325135 × 10⁻⁵. ஆல்ஃபா / பை 0.00232282. எலக்ட்ரான் நிறையைப் புரோட்டான் நிறையால் வகுத்தால் 5.44617 × 10⁻⁴. மியூவான் நிறையால் வகுத்தால் 4.83633 × 10⁻³. அணு எண்ணை இசட் என்று எழுதுவோம்.

நமக்கு வேண்டிய விடை ஒரு விகிதம்: அணுவுக்குள் இருக்கும்போது உள்ள ஜி-காரணியைத் தனியாக இருக்கும்போது உள்ள ஜி-காரணியால் வகுக்க வேண்டும். இதில் ஒரு விஷயத்தை முதலிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். போர் மேக்னட்டானில், அதாவது எலக்ட்ரானின் திருப்புத்திறனை அளக்கும் அலகில், எலக்ட்ரானின் உண்மையான நிறையைத்தான் போட வேண்டும், குறைக்கப்பட்ட நிறையை (கருவும் அசைவதைக் கணக்கில் கொண்டு சற்றுக் குறைத்த நிறையை) அல்ல. அணு ஆற்றல் மட்டங்களைக் கணக்கிட்டுப் பழகிய கை தானாகவே குறைக்கப்பட்ட நிறையை எழுதப் பார்க்கும். ஹைட்ரஜனில் அதை எழுதினால் 500 பங்குக்கு மேல் பிழை வரும். நாம் தேடும் திருத்தமே அதில் மூழ்கிப் போகும்.

எலக்ட்ரானின் பங்கு

ஹைட்ரஜனில் எலக்ட்ரானின் சராசரி இயக்க ஆற்றல் 13.6 எலக்ட்ரான் வோல்ட். நிலை ஆற்றல் 510,999 எலக்ட்ரான் வோல்ட். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 26.63 பங்கு, அதாவது ஆல்ஃபா²/2. வேகமாக ஓடும் எலக்ட்ரான் காந்தப்புலத்துக்குக் கனமான எலக்ட்ரானைப் போலத் தெரியும்; நிறை கூடினால் திருப்புத்திறன் குறையும். அந்தக் குறைவு சரியாக இதே அளவுதான்: கழித்தல் 26.63 பங்கு.

அதோடு முடிவதில்லை. எலக்ட்ரானின் தற்சுழற்சி, கருவின் மின்புலத்தில் அதன் உந்தத்தோடு இணைந்திருக்கிறது. வெளியிலிருந்து காந்தப்புலத்தைப் போட்டதும் அந்த உந்தத்தோடு வெக்டர் பொட்டென்ஷியலும் (காந்தப்புலத்தைச் சமன்பாட்டில் கொண்டுவரும் அளவு) வந்து சேர்கிறது. 1எஸ் நிலையில் சுற்றுப்பாதைக் கோண உந்தம் சுழிதான், அதனால் சாதாரணத் தற்சுழற்சி-சுற்றுப்பாதை ஆற்றலும் சுழிதான். ஆனால் வெக்டர் பொட்டென்ஷியலின் பகுதி மறைவதில்லை. கோணங்களில் சராசரி எடுக்கும்போது அங்கே 1/3 என்ற காரணி பிறக்கிறது. ஆர் என்பது கருவிலிருந்து எலக்ட்ரானின் தூரம். மீதி இருப்பது 1/ஆர் என்பதன் சராசரி மட்டும், ஹைட்ரஜனில் அது 1 வகுத்தல் போர் ஆரம் (ஹைட்ரஜன் அணுவின் அளவைக் குறிக்கும் நீளம்). எல்லாம் சேர்ந்தால் கூட்டல் ஆல்ஃபா²/6, அதாவது 8.88 பங்கு.

இப்போது கூட்டிப் பாருங்கள். −1/2 + 1/6 = −1/3. ஆல்ஃபா²/3 என்பது 17.7504 பங்கு. இந்த இடத்தில் நான் எப்போதும் நின்று போவேன், ஏனென்றால் இந்த 1/3 ஒரே விளைவு இல்லை, எதிரெதிரான இரண்டு விளைவுகளின் மீதி. இயக்க ஆற்றலை மட்டும் சொல்லி விளக்கம் முடிந்தது என்று விடும் பாடங்கள் உண்டு. அந்த விளக்கத்தை நம்பிக் கணக்கிட்டால் விடை ஒன்றரை மடங்கு பெரிதாக வரும்.

சரிபார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. 1928-இல் இயற்பியலாளர் கிரிகரி பிரைட், டிராக் சமன்பாட்டிலிருந்து (எலக்ட்ரானுக்கான சார்பியல் குவாண்டம் சமன்பாடு) நேரடியாக இதே எண்ணை எடுத்தார். அவருடைய விடை: ஜி = (2/3) × [1 + 2 × வர்க்கமூலம்(1 − (இசட் ஆல்ஃபா)²)]. வர்க்கமூலத்தை விரித்தால் 2 × [1 − (இசட் ஆல்ஃபா)²/3 − (இசட் ஆல்ஃபா)⁴/12 …] என்று வரும். முதல் திருத்தம் நம்முடையதோடு ஒத்துப்போகிறது. இரண்டாவது உறுப்பு ஹைட்ரஜனில் 0.0002 பங்குதான்.

புரோட்டானின் பங்கு: காரணமே வேறு

புரோட்டான் அணுவுக்குள் வேகமாக ஓடவில்லை. சார்பியல் திருத்தம் என்று சொல்ல அதனிடம் எதுவும் இல்லை. அப்படியிருந்தும் அதன் திருப்புத்திறன் 17.75 பங்கு குறைந்ததாகத் தெரிகிறது. உண்மையில் குறைவது புரோட்டானின் திருப்புத்திறன் அல்ல, அதைப் போய்ச் சேரும் காந்தப்புலம்.

வெளிப்புலத்தைப் போட்டதும் எலக்ட்ரான் மேகம் முழுவதும் லார்மர் அதிர்வெண்ணில் மெதுவாகச் சுழலத் தொடங்குகிறது. சுழலும் மின்னூட்டம் ஒரு மின்னோட்டம். அந்த மின்னோட்டம் மையத்தில் எதிர்த்திசையில் ஒரு சிறு புலத்தை உண்டாக்குகிறது. 1941-இல் வில்லிஸ் லாம்ப் இந்த மறைப்பைக் கணக்கிட்டார். எலக்ட்ரானின் செவ்வியல் ஆரம் 2.818 ஃபெம்டோ மீட்டர். அதை 1/ஆர் என்பதன் சராசரியால் பெருக்கி 3-ஆல் வகுத்தால் மறைப்புக் காரணி வந்துவிடும். ஹைட்ரஜனில் 1/ஆர் என்பதன் சராசரி 1 வகுத்தல் 52,918 ஃபெம்டோ மீட்டர். விகிதம் 5.325 × 10⁻⁵. மூன்றால் வகுத்தால்? அதே 17.75 பங்கு.

ஹைட்ரஜனில் இரண்டு எண்களும் ஒன்றாக வருவதால் இவை ஒரே விளைவு என்று நினைக்கத் தோன்றும். இசட் மாறும்போதுதான் வேறுபாடு வெளியே வரும். எலக்ட்ரானின் திருத்தம் (இசட் ஆல்ஃபா)²/3. வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. கருவின் திருத்தம் ஆல்ஃபா × (இசட் ஆல்ஃபா)/3. 1/ஆர் சராசரி இசட்டோடு நேர்விகிதத்தில் வளர்வதால் ஒரு இசட் மட்டும். ஒற்றை எலக்ட்ரான் கொண்ட ஹீலியம் அயனியில் எலக்ட்ரானுக்கு 71 பங்கு, கருவுக்கு 35.5 பங்கு. ஹீலியம்-3 அயனியை ஹைடல்பெர்க்கில் உள்ள மாக்ஸ் பிளாங்க் அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தில் பென்னிங் பொறியில் (மின், காந்தப் புலங்களால் துகளைப் பிடித்துவைக்கும் கருவி) வைத்து அளந்து, கருவின் திருப்புத்திறனை 2022-இல் வெளியிட்டார்கள். அளந்ததிலிருந்து தனிக் கருவின் எண்ணுக்குப் போக அவர்கள் பயன்படுத்திய மறைப்பு 35.507 பங்கு. கரும்பலகைக் கணக்கு முதல் மூன்று இலக்கங்களைச் சரியாகவே கொடுத்துவிட்டது.

இரண்டு எலக்ட்ரான் உள்ள நடுநிலை ஹீலியத்துக்கும் லாம்பின் வழி அப்படியே செல்லும். அங்கே ஒவ்வொரு எலக்ட்ரானுக்கும் 1/ஆர் சராசரி, போர் ஆரத்தை அலகாகக் கொண்டால், 1.688. இரண்டுக்கும் சேர்த்து 3.377. அதை 17.75-ஆல் பெருக்கினால் 59.94 பங்கு, எல்லாத் திருத்தங்களும் சேர்ந்த எண் 59.97.

சின்ன உறுப்புகள்

முதல் உறுப்போடு நிறுத்தினால் என்ன கெட்டுவிடும் என்று மாணவர்கள் கேட்பார்கள். எலக்ட்ரானுக்கும் புரோட்டானுக்கும் முதல் உறுப்பு ஒன்றே. இரண்டின் விகிதத்தை எடுத்தால் அது முழுதாக அடிபட்டுப் போகும். மிச்சம் நிற்பது சின்ன உறுப்புகள் மட்டும். அதனால் இவற்றில் கவனம் தேவை.

முதலாவது, தனி எலக்ட்ரானின் ஜி-காரணி 2 அல்ல என்பதால் வருவது. ஷ்விங்கர் 1948-இல் காட்டிய ஆல்ஃபா/(2 பை) என்ற கூடுதல், அணுவுக்குள் போனதும் மற்ற பகுதியைப் போலச் சுருங்குவதில்லை. அதற்கு மாறாக 1 + (இசட் ஆல்ஃபா)²/6 என்று கொஞ்சம் வளர்கிறது. எனவே தனி எலக்ட்ரானின் முழு ஜி-காரணியையும் (1 − ஆல்ஃபா²/3) என்பதால் பெருக்கிவிட்டால் ஷ்விங்கர் பகுதியையும் சேர்த்துச் சுருக்கிவிடுகிறோம். அதைத் திருத்த விகிதத்தில் (1/4) × (இசட் ஆல்ஃபா)² × (ஆல்ஃபா/பை) கூட்ட வேண்டும். 1/4 வரும் வழி எளிது: 1/6-உம் 1/3-உம் சேர்ந்தால் 1/2, ஷ்விங்கர் காரணியில் இருக்கும் இன்னொரு 1/2 சேர்ந்தால் 1/4. ஹைட்ரஜனில் இது +0.0309 பங்கு.

இரண்டாவது, கரு அசையாமல் நிற்பதில்லை என்பது. எலக்ட்ரானுக்கு இதனால் +(1/2) × (இசட் ஆல்ஃபா)² × (எலக்ட்ரான் நிறை / கரு நிறை). ஹைட்ரஜனில் +0.0145 பங்கு. இங்கே ஒரு குறுக்கு வழி கண்ணில் படும்: ஆல்ஃபா²/3 என்பதைக் குறைக்கப்பட்ட நிறையின் இருமடியால் பெருக்கினால் போதாதா? அப்படிச் செய்தால் 1/2-க்குப் பதில் 2/3 வரும். நகரும் கருவும் ஒரு மின்னோட்டம்தான். அதுவும் வெளிப்புலத்தோடும் எலக்ட்ரானின் தற்சுழற்சியோடும் வினைபுரிகிறது. அதை விட்டுவிட்டு நிறையை மட்டும் மாற்றுவது பாதி வேலை.

புரோட்டானுக்கு இதே வகைத் திருத்தம் கொஞ்சம் நீளமானது. அதன் ஒழுங்கற்ற திருப்புத்திறன் (டிராக் சமன்பாடு தரும் மதிப்பை 1 என்று வைத்தால் அதற்கு மேல் இருக்கும் கூடுதல்) 1.792847, அதை ஏ என்று வைத்துக்கொண்டால் (1/6) × ஆல்ஃபா² × (நிறை விகிதம்) × (3 + 4ஏ)/(1 + ஏ). கடைசிக் காரணி 3.642. மொத்தம் +0.0176 பங்கு. லாம்ப் மறைப்புக்கான சார்பியல் திருத்தம் −(97/108) × ஆல்ஃபா⁴, −0.0025 பங்கு. ஏ சுழியாக இருந்தால் கடைசிக் காரணி 3 ஆகி, முழு உறுப்பும் எலக்ட்ரானின் 1/2-ஆகவே மாறிவிடும். கணக்கில் எங்கேயாவது சந்தேகம் வந்தால் நான் முதலில் இந்தச் சமச்சீரைத்தான் பார்ப்பேன்.

எல்லாவற்றையும் கூட்டினால்

எலக்ட்ரானுக்கு: −17.7504 − 0.0002 + 0.0309 + 0.0145. இதற்கும் சிறிய உறுப்புகளில் −0.0001 வரும். விடை, விகிதம் = 1 − 17.7054 பங்கு. புரோட்டானுக்கு: −17.7504 − 0.0025 + 0.0176. விடை, 1 − 17.7354 பங்கு (கடைசி இலக்கம் ஒன்று இரண்டு தள்ளி வந்தால், இடையில் நான்கு தசம இடங்களோடு வெட்டியதுதான் காரணம், ஐந்தாவதையும் வைத்துக்கொள்ளுங்கள்).

இதை உண்மையான அளவீட்டில் போட்டுப் பார்க்காமல் விடக்கூடாது. 1972-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் விங்க்லர், கிளெப்னர் குழுவினர் 0.35 டெஸ்லா புலத்தில் ஹைட்ரஜன் மேசரை (ஹைட்ரஜன் அணுக்களிலிருந்து துல்லியமான நுண்ணலையை எடுக்கும் கருவி) ஓட்டி, ஒரே அணுவுக்குள் எலக்ட்ரான் திருப்புத்திறனுக்கும் புரோட்டான் திருப்புத்திறனுக்கும் உள்ள விகிதத்தை அளந்தார்கள். ஒரே அணு, ஒரே புலம் என்பதால் புலத்தின் மதிப்பு கணக்கிலிருந்து விலகிவிடும். அவர்கள் கண்ட எண் −658.2107058, நிச்சயமின்மை 0.01 பங்கு. தனித் துகள்களின் விகிதம் வேண்டுமானால் இதை (1 − 17.7354 பங்கு) ஆல் பெருக்கி (1 − 17.7054 பங்கு) ஆல் வகுக்க வேண்டும். நிகரம் −0.0300 பங்கு மட்டுமே. விடை −658.2106860.

17 பங்குத் திருத்தங்கள் இரண்டும் ஒன்றையொன்று விழுங்கிவிட்டன, மீந்த 0.03 பங்கு அளவீட்டின் நிச்சயமின்மையைவிட மூன்று மடங்கு பெரியது. ஷ்விங்கர் உறுப்பை விட்டிருந்தால் விடை கிட்டத்தட்ட அந்த அளவே தவறியிருக்கும். 2017-இல் மைன்ஸ் நகரில் பென்னிங் பொறிக்குள் தனிப் புரோட்டான் ஒன்றை வைத்து நேரடியாகவே அளந்து 2.79284734462 அணுக்கரு மேக்னட்டான் (போர் மேக்னட்டானில் புரோட்டான் நிறையைப் போட்டால் வரும் அலகு) என்று கண்டார்கள். அணுவுக்குள் அளந்து கணக்கால் வெளியே கொண்டுவந்த எண்ணும் அதோடு ஒத்துப்போகிறது. இந்த ஒற்றுமை எனக்கு இன்றும் பெரிய மகிழ்ச்சி தருகிறது.

டியூட்டீரியமும் மியூவோனியமும்

டியூட்டீரியத்துக்கு வழி ஒன்றே. கருவின் தற்சுழற்சி 1/2 அல்ல, 1; அதனால் சூத்திரம் மாறுமோ என்ற பயம் வேண்டாம். முதன்மைத் திருத்தங்களும் கரு அசைவதால் வரும் திருத்தங்களும் தற்சுழற்சி எதுவானாலும் ஒரே வடிவம்தான். துகளின் தனி ஜி-காரணி மட்டுமே உள்ளே வரும். எலக்ட்ரானுக்கு 17.7126, டியூட்டரானுக்கு 17.7461 பங்கு.

மியூவோனியம் வேறு ரகம். கருவின் இடத்தில் நேர்மின் மியூவான். புரோட்டானைவிட ஒன்பது மடங்கு இலேசு. எனவே கரு அசைவதால் வரும் உறுப்பு 0.0145-லிருந்து 0.1288 பங்காக உயர்கிறது. நிறை விகிதத்தின் இருமடியையும் விட முடியாது: −ஆல்ஃபா² × (நிறை விகிதம்)², அதாவது −0.0012 பங்கு. மியூவானின் ஒழுங்கற்ற திருப்புத்திறன் மிகச் சிறியது. முன்னே சொன்ன சமச்சீர் இங்கே கண்கூடாக வரும், இரண்டு துகள்களுக்கும் அசைவுத் திருத்தம் ஏறக்குறைய ஒன்றே. முடிவில் எலக்ட்ரானுக்கு 17.5926, மியூவானுக்கு 17.6254 பங்கு.

இந்த எண்களுக்கு உடனடியாக வேலை இருக்கிறது. 1960-இல் வெர்னான் ஹியூஸ் குழுவினர் கண்டுபிடித்த அந்த அணுவை லாஸ் அலமோஸில் வலுவான புலத்தில் வைத்து இரண்டு மாற்றங்களின் அதிர்வெண்ணை அளந்து 1999-இல் வெளியிட்டார்கள். இரண்டின் கூட்டுத்தொகை மீநுண் பிளவு (இரண்டு துகள்களின் காந்தங்கள் ஒன்றோடொன்று வினைபுரிவதால் ஆற்றல் மட்டத்தில் வரும் பிளவு), 4463.302765 மெகா ஹெர்ட்ஸ். வித்தியாசத்திலிருந்து மியூவானின் திருப்புத்திறன் வரும்: புரோட்டானுடையதைப் போல 3.18334513 மடங்கு, நிச்சயமின்மை 0.12 பங்கு. நூறு மடங்குக்கும் மேல் பெரிய 17.6 பங்குத் திருத்தத்தைப் போடாமல் அந்த இலக்கங்களை எழுதவே முடியாது.

இசட் பெரிதானால்

கரி அணுவிலிருந்து ஐந்து எலக்ட்ரான்களை எடுத்துவிட்டால் மிஞ்சும் ஒற்றை எலக்ட்ரானுக்கு இசட் 6. பிரைட் சூத்திரம் 1.9987213545 என்று கொடுக்கும். தனி எலக்ட்ரானின் கூடுதல் 0.0023193043-ஐச் சேர்த்தால் 2.0010406588. ஷ்விங்கர் பகுதியின் வளர்ச்சி 0.00000074, கரு அசைவு 0.00000009. கூட்டினால் 2.0010415, அளந்த எண் 2.00104160-ஐ ஒட்டியே வந்துவிட்டது. மீதி உயர் உறுப்புகள். கணக்கு இவ்வளவு நம்பகமாக இருப்பதால் அதைத் திருப்பிப் போட்டு, 2014-இல் எலக்ட்ரானின் நிறையையே இந்த அயனியிலிருந்து முன்பைவிட 13 மடங்கு நுட்பமாக எடுத்தார்கள்.

வெள்ளீயத்துக்கு, இசட் 50, தொடர் விரிவை நம்ப வேண்டாம். பிரைட் சூத்திரத்தை விரிக்காமல் முழுதாகப் போடுங்கள்: 1.90808. தனி எலக்ட்ரானின் கூடுதலைச் சேர்த்தால் 1.91040. ஹைடல்பெர்க்கில் 2023-இல் அளந்தது 1.91056. நான்காவது தசமத்தில் தெரியும் இந்த இடைவெளி கையால் எட்டாது. கருவின் வலுவான புலத்தில் குவாண்டம் மின்னியக்கவியலை முழுதாகக் கணக்கிட வேண்டும். பொதுவாக இசட் ஆல்ஃபா 0.1-க்குக் கீழே இருக்கும்வரை கரும்பலகை போதும் என்று வைத்துக்கொள்ளலாம்.

மூலக்கூறுகளுக்கு இந்த வழியை நீட்டிக்க முயலாதீர்கள். நீரில் உள்ள புரோட்டானுக்கு மறைப்பு சுமார் 25.69 பங்கு. அது லாம்பின் எளிய சூத்திரத்தில் வராது, ஏனென்றால் மூலக்கூறில் எலக்ட்ரான் மேகம் கோளச் சமச்சீர் உடையது அல்ல. அந்த எண்ணை நீருக்கும் ஹைட்ரஜன் அணுவுக்கும் இடையே ஒப்பிட்டு அளந்து, நாம் மேலே போட்ட 17.7354-ஐச் சேர்த்துத்தான் எடுக்கிறார்கள். அதைப் பயன்படுத்தும்போது 25 டிகிரி செல்சியஸ், கோள வடிவக் கலம் என்ற இரண்டையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். இரண்டில் எது மாறினாலும் எண்ணும் மாறும்.